அமெரிக்காவின் இடதும் ஆட்டிறைச்சி ரோல்ஸும்

என் சகலனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால்தான் மற்றதை எழுதலாம் என்று மனைவி நிபந்தனை போட்டிருக்கிறாள். எழுதுகிறேன். உயரமானவர். மிச்சம் மூன்றையும் கட்டுரை முடிவதற்குள் எப்படியாவது யோசித்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மருமகன்கள் உள்ள வீடுகளில் ஒருவர் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவராக இருப்பார், மற்றவர் மாமனாரோடு கதைக்கிறவராக இருப்பார். நான் முதலாவது வகை. கனடாவில், ஸ்காபரோவில் மாமா எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய கண் டாக்டர், கால் டாக்டர், பல் டாக்டர் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மாமா மட்டும் காரில் ஏறியதும் கண்ணை மூடிவிடுவார். இந்தக் கதை நடக்கும் வரைக்கும் பத்தொன்பது வருடமாக நானும் அவரும் காருக்குள் கதைத்ததை ஒரு தபாலட்டையில் எழுதி, விலாசத்துக்கும் இடம் விடலாம். (மாமா ஊரில் தபாலதிபராக இருந்தவர். அதனால்தான் இந்த உவமை.)

என் மனைவி ராஜியின் தங்கை மாலாவைக் கட்டிய சுகந்தன் இரண்டாவது வகை. டென்மார்க்கில் இருக்கிறார். காற்றாலைகளுக்கு ஏதோ கணக்குப் பார்க்கிற பொறியியலாளர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், கறியை மாவில் சுற்றிப் பொரிக்கிற ரோல்ஸ் சுருட்டுகிறேன். அவர் காற்றைச் சுழற்றிச் சம்பாதிக்கிறார், நான் மாவைச் சுருட்டிச் சம்பாதிக்கிறேன். ஆனால் காற்றாலையைப் பற்றிக் கேட்க எல்லாருக்கும் ஆசை. ரோல்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை, தின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மாமாவுக்கு எண்பது வயது வந்தது. மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்குச் சொல்லி, பெரிதாகச் செய்வதாக ஏற்பாடு. மாமா ஒரு கட்டளை போட்டிருந்தார்.

"மருமக்கள்ள ஒராள் பேசினாக் காணும். ரண்டு பேரும் பேச வெளிக்கிட்டால் சனம் சாப்பிடாமல் போயிடும்."

அந்த ஒராள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. (மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.) நாலு மாதமாகக் கடையில் சாப்பாட்டுப் பெட்டி மூடிகளின் உட்பக்கத்தில் பேச்சை எழுதி எழுதி மாற்றினேன். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். எண்ணெய் சடசடவென்றது கைதட்டல் மாதிரித்தான் கேட்டது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்க சுகந்தனும் மாலாவும் வந்து இறங்கினார்கள்.

வந்த அன்று பின்னேரமே நான் உட்காருகிற என் கதிரை சுகந்தனுக்குப் போய்விட்டது. ஹீட்டர் காற்று காலில் படுகிற இடத்தில் கிடக்கும் ஒரே நல்ல கதிரை அது. "அவர் தூரத்தால வந்தவர்" என்றாள் ராஜி. கார் விமான நிலையத்துக்குப் போனதால் நானும் கடையிலிருந்து இரண்டு பஸ் மாறித்தான் வந்திருந்தேன். அது தூரமில்லையாம். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து, கலியாணத்துக்குக் கிடைத்து இன்றுவரை நான் வாய் வைக்காத தங்கக் கரை போட்ட கப் வெளியே வந்தது. அதில் அவருக்குக் கோப்பி. எனக்கு வழக்கமான கப், பிடி உடைந்தது.

மாமா நாள் முழுக்க அமெரிக்கச் செய்தி பார்ப்பவர். காது கேட்கிறதோ இல்லையோ, சத்தம் முப்பதுக்குக் குறையாது. அன்றைக்குத் திரையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடதுசாரி, வலதுசாரி என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உந்த இடதுசாரி எண்டு பேச்சு வாங்கிறவர் என்ன, கொம்யூனிஸ்டோ?" என்று மாமா பொதுவாகக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள் என் கதிரையிலிருந்து பதில் வந்தது.

"இல்லை மாமா. அவர் எங்கட பக்கம் வந்தால் நடுவிலதான் நிப்பார். எல்லாருக்கும் ஆஸ்பத்திரி இருக்கவேணும் எண்டு அமெரிக்காவில சொன்னால் இடது. எங்கட பக்கத்தில வலதுசாரிகளே அதை ஒத்துக்கொள்ளுவினம். அவை அதுக்கு மேல வேற விசயத்துக்குச் சண்டை பிடிப்பினம்."

மாமா ரிமோட்டை எடுத்து ரிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

இதை நான் சும்மா ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறேன், ஆனால் நடந்தது சும்மா விசயம் இல்லை. பத்தொன்பது வருடத்தில் எனக்காக அந்தச் சத்தம் ஒரு புள்ளி குறைந்ததில்லை. ஒரு தரம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கத்தியபோதும் குறையவில்லை.

"எவ்வளவு வடிவா விளங்கப்படுத்துறார் பாருங்கோ" என்று ராஜி என் காதில் சொன்னாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமா தலையாட்டத் தலையாட்ட, சாப்பாட்டுப் பெட்டி மூடிகளில் எழுதிய என் பேச்சு ஒவ்வொரு எழுத்தாக அழிவது தெரிந்தது.

"வாற ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு எல்லாரும் இருக்கேக்க, ஆர் பேசுறதெண்டு சொல்லுறன்" என்றார் மாமா.

அந்த வாரம் நான் ஐரோப்பாவைப் படித்தேன். கடையில் மா டின்னில் போனைச் சாய்த்து வைத்து, ரோல்ஸ் சுருட்டச் சுருட்டப் படித்தேன். இங்கிலாந்து முடிய ஐம்பது ரோல்ஸ். ஜெர்மனி கொஞ்சம் கஷ்டம், ஒரு சட்டி கருகிவிட்டது. அமெரிக்காவில் பெரிய கட்சி இரண்டுதான், ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்கே ஏழெட்டு என்பதும், யாரும் தனியே வெல்ல முடியாமல் தேர்தலுக்குப் பிறகு மாதக்கணக்காகச் சம்பந்தம் பேசுவார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் விட ஒரு விசயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த இடது, வலது என்கிற பேச்சே பிரான்சில் ஒரு சபையிலிருந்து வந்ததாம். ராஜாவுக்கு ஆதரவானவர்கள் வலப்பக்கம் இருந்தார்களாம், எதிரானவர்கள் இடப்பக்கம். அதாவது உலகத்தின் முழு அரசியலும் யார் எந்தக் கதிரையில் இருப்பது என்கிற பிரச்சினை. எட்டாம் வகுப்புக்காரனுக்கு இதைவிட எளிதாக எதுவும் விளங்காது. அதுவும் தன் கதிரையில் வேறு ஒருவர் இருக்கிறபோது.

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து நானே சுருட்டிய ரோல்ஸ் இரண்டு தட்டுக் கொண்டுவந்தேன். ஒன்று மரக்கறி, மற்றது ஆட்டிறைச்சி. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் கடை ரோல்ஸ் இரண்டும் ஒரே நீளம், ஒரே தடிப்பு, ஒரே பொன் நிறம். பெற்றவனான எனக்கே வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காகக் கடையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது: இடப்பக்கத் தட்டு மரக்கறி, வலப்பக்கத் தட்டு மச்சம், அதாவது இறைச்சி. வீட்டிலும் அதே சட்டம்தான், மாமாவுக்காக. மாமி இறந்ததிலிருந்து இருபத்திரண்டு வருடமாக மாமா சுத்த சைவம். மச்சம் கிண்டிய அகப்பையைக் கூட அவருடைய சட்டிக்குள் ராஜி விடமாட்டாள். பார்க்காமலே இடப்பக்கம் கை நீட்டினால் மரக்கறி ரோல்ஸ் வரும் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி.

எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தோம். ரிவி முப்பதில் ஓடியது. சுகந்தன் தங்கக் கரைக் கப்பைக் கீழே வைத்து, "மாமா, நேற்று நாங்கள் கதைச்ச விசயம்" என்று தொடங்கினார்.

"பொறுங்கோ, அதை நான் விளங்கப்படுத்துறன்" என்றேன்.

ராஜி என்னைப் பார்த்தாள். நான் வீட்டில் கடைசியாக விளங்கப்படுத்தியது குப்பைத் தொட்டிகளில் நீலம் எந்தக் கிழமை, பச்சை எந்தக் கிழமை என்பதை. அதுவும் பிழை.

நான் எழும்பி நின்றேன். "மாமா, இந்த மேசை ஐரோப்பா எண்டு வையுங்கோ. மரக்கறித் தட்டு இடது. ஆட்டிறைச்சித் தட்டு வலது. சரியோ? இப்ப அமெரிக்காவைக் காட்டுறன்."

இரண்டு தட்டையும் சேர்த்து வலப்பக்கமாகத் தள்ளினேன். ஆட்டிறைச்சி மேசையின் விளிம்புக்குப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் மரக்கறி வந்து நின்றது.

"பாருங்கோ. அமெரிக்காவின்ர இடது இப்ப நிக்கிறது எங்கை? ஐரோப்பாவின்ர வலது நிண்ட இடத்தில. உவ்வளவும்தான் கதை."

மாமா மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

எனக்கு, என் குரலுக்கு, அது குறைந்தது. அந்த இடத்தில் நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இல்லை. மேடைப் பேச்சும் என்னுடையதாக இருந்திருக்கும். ஆனால் மாமா ஒரு கேள்வி கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, 'கார் எங்கை விட்டிருக்கிறீர்' என்பதைத் தவிர்த்தால்.

"அப்ப நாங்கள் கனடாக்காரர் எங்கை நிக்கிறம்?"

"அதுக்குத்தான் வாறன்" என்றேன் (வரவில்லை; கனடாவைப் படிக்க ரோல்ஸ் போதாமல் போய்விட்டது). சமையலறையிலிருந்து ஒரு வெறுந்தட்டை எடுத்து வந்தேன். இடப்பக்கம் காலியாகக் கிடந்தது, அங்கே வைத்தேன். "கனடா அமெரிக்காவுக்கு இடப்பக்கம். ஆனால் ஐரோப்பா அளவுக்கு இல்லை. ரண்டும் கலந்தது." இடுக்கியால் மரக்கறியில் நாலு, ஆட்டிறைச்சியில் நாலு எடுத்து அதில் வைத்தேன்.

ராஜி அப்போது தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே போயிருந்தாள். என் வாழ்க்கையின் பெரிய விபத்துகள் எல்லாம் அவள் தேத்தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில்தான் நடந்திருக்கின்றன.

"அண்ணை, ஒரு சின்ன விசயம்" என்றார் சுகந்தன், மிகவும் மரியாதையாக. (அந்த மரியாதைதான் எனக்கு ஒத்துவராது.) "எல்லாத்தையும் உப்பிடி ஒரேயடியாத் தள்ளேலாது. அகதியள் விசயத்தில எங்கட நாட்டு இடதே இறுக்கம். அதில அமெரிக்கன் இடது எங்களுக்கும் இடப்பக்கம் வந்திடும்."

மாமாவின் தலை அவர் பக்கம் திரும்பியது. சத்தம் கூட்டுகிற பொத்தானில் விரல் கிடந்தது.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்" என்று அமெரிக்க இடதிலிருந்து அஞ்சாறை அள்ளிக் கொண்டுபோய்க் கனடாவுக்கும் அப்பால் வைத்தேன். ஐரோப்பிய இடதுக்கென்று கொஞ்சத்தை வலப்பக்கம் கொண்டுவந்தேன்.

"துவக்கு வைச்சிருக்கிறது?" என்று மாமா துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

"அது திரும்பவும் இஞ்சால" என்று மூன்றை மாற்றினேன்.

"அமெரிக்காவில இடதுசாரியும் கடவுளைக் கும்பிட்டுத்தானே பேச்சை முடிக்கிறான்" என்றார் மாமா. அவர் எவ்வளவு கவனமாகச் செய்தி பார்த்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஓம், எங்கட பக்கம் வலதுசாரியே கடவுளை இழுக்கிறது குறைவு" என்றார் சுகந்தன்.

நான் அதற்கும் ஐந்து ரோல்ஸை அத்திலாந்திக் கடக்க வைத்தேன்.

"அத்தான்" என்றாள் மாலா, "உந்த ரோல்ஸுக்கு விசா எடுத்தாச்சோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். என் வேகம் இன்னும் கூடியது. பத்தொன்பது வருடம் ரோல்ஸ் சுருட்டிய கை, எது எந்தத் தட்டு என்று தூக்கத்திலும் சொல்லுகிற ஆள். எப்படிக் கோட்டை விட்டேன் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அந்த நேரத்தில் என் கண்ணுக்கு அவை ரோல்ஸ் இல்லை, வாக்காளர்கள்.

"ஆக மாமா, ஒரு கோட்டில வைச்சு இதை விளங்கேலாது. ஒவ்வொரு விசயத்துக்கும் ஒவ்வொரு கோடு வேணும்" என்று முடித்தேன். உண்மையிலேயே நல்ல முடிவு. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. சுகந்தன் கூடத் தலையாட்டினார்.

மாமாவும் மெல்லத் தலையாட்டினார். ஆட்டியபடி மென்றுகொண்டிருந்தார்.

"விளங்குதோ மாமா?" என்றேன் பெருமையாக.

அவர் கையில் பாதி ரோல்ஸ் இருந்தது. இடப்பக்கத் தட்டிலிருந்து, பார்க்காமல் எடுத்தது. தேத்தண்ணீரோடு வந்த ராஜி அந்தப் பாதியின் உட்பக்கத்தைப் பார்த்தாள். கிழங்கின் மஞ்சள் இல்லை. மண்ணிறமாக, நார் நாராக, மிளகு மினுங்கியது.

"அப்பா" என்றாள்.

மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து ரோல்ஸில் கடித்த இடத்தைப் பார்த்தார். வாய்க்குள் இருந்ததை விழுங்கினார். மிச்சத்தைச் சோசரில் வைத்தார். ரிவியில் இரண்டு பேர் மெல்லிய குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி" என்றார் என்னைப் பார்த்து. "இது எந்த நாட்டு இடது?"

பதிலுக்கு நிற்காமல் எழும்பிக் குளிக்கப் போய்விட்டார்.

பிறகு நான் செய்தவற்றில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடம் இறைச்சி காணாத வயிறு, எண்பது வயது, ஆறு நாளில் விழா. மாமா குளியலறையிலேயே மயங்கி விழுவார், அந்த மண்டபத்திலேயே செத்தவீட்டு எட்டுச் செலவு நடக்கும், அதற்கும் நான்தான் ரோல்ஸ் கொண்டுவரவேண்டி வரும் என்பது வரைக்கும் என் மூளை போய்விட்டது. கராஜுக்குள் நின்று மருந்துக் கடைக்குப் போன் எடுத்தேன்.

"எண்பது வயதானவர் ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டார். என்ன செய்யவேண்டும்?"

"அவருக்கு ஒவ்வாமை இருக்கிறதா?" என்றாள் போனை எடுத்த பிள்ளை.

"இல்லை. விரதம்."

பக்கத்தில் யாரையோ கேட்டாள். பிறகு, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றாள்.

உள்ளே வந்தால் சுகந்தன் ஒரு சின்னக் கத்தியோடு மேசையில் இருந்தார். ஒவ்வொரு ரோல்ஸின் நுனியையும் நகக்கண் அளவு சீவி, உள்ளே பார்த்து, மரக்கறியை ஒரு தட்டிலும் இறைச்சியை மற்றதிலும் அடுக்கிக்கொண்டிருந்தார். மாலாவும் ராஜியும் பக்கத்தில் நின்று, சத்திரசிகிச்சை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். என் குற்றத்தைத் துப்புரவாக்குவதிலும் அவர்தான் கெட்டிக்காரர்.

"பரவாயில்லை அண்ணை, விளங்கப்படுத்தின விதம் நல்லா இருந்தது" என்றார். அடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு நொந்திராது.

ராஜி என்னோடு இரண்டே வசனம்தான் கதைத்தாள். "ஏன் உங்களுக்கு உந்த வேலை? ஆர் கேட்டது?" இரண்டுக்கும் விடை ஒன்றுதான், அது அவளுக்கும் தெரியும்.

மாமா திருநீறு பூசி வந்து இருந்தார். ரிமோட்டை எடுத்தார். முப்பது. முப்பத்திரண்டு. முப்பத்துநாலு.

"விழாவில சுகந்தன் பேசட்டும்" என்றார், அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டு.

விழாவில் சுகந்தன் பதினாலு நிமிடம் பேசினார். நான் நேரம் பார்த்தேன். ஒரு இடத்தில் கூடத் தடுமாறவில்லை. (நான் அந்தப் பதினாலு நிமிடமும் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று எழுதினால் ராஜி வெட்டச் சொல்லுவாள். வெட்டவில்லை.) நான் மண்டபத்தின் பின்பக்கம் சிற்றுண்டி மேசைக்குக் காவல் நின்றேன். தட்டுகளில் ராஜி தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: ஒன்றில் 'மரக்கறி', மற்றதில் 'ஆடு'. அதுவும் போதாதென்று ஆட்டின் படமும் கீறியிருந்தாள்.

கடைசியில் மாமா நன்றி சொல்ல எழும்பினார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"சின்ன மருமகன் நல்லாப் பேசினவர். பெரிய மருமகன் பேசேல்லை. ஏனெண்டால் அவர் போன ஞாயிற்றுக்கிழமை பேசிட்டார். அவர் பேசினதில நான் ஆட்டிறைச்சி திண்டிட்டன்."

இருநூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஆட்டின் படத்துக்குப் பின்னால் மறையப் பார்த்தேன். மாமா நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். ஐரோப்பா, அமெரிக்கா, கனடாத் தட்டு, விசா, எல்லாம். மண்டபம் சிரித்துக் களைத்தது. காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு வருகிற மனிதர் இப்படிக் கதை சொல்லுவார் என்று யாருக்குத் தெரியும்.

சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றார்.

"இன்னொண்டும் சொல்லவேணும். இருபத்திரண்டு வருசமா நான் மச்சம் தொடாததைப் பக்தி எண்டு எல்லாரும் நினைச்சினம். நானும் இல்லையெண்டு சொல்லேல்லை. உண்மை என்னெண்டால், என்ர மனிசி போன பிறகு வேற ஆற்ர இறைச்சிக் கறியும் எனக்கு இறங்கேல்லை. நல்லா இல்லையெண்டு சொன்னால் பிள்ளையளுக்கு நோகும். சைவம் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்." ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார். "அண்டைக்குக் கடிச்ச உடனயே தெரியும் இறைச்சியெண்டு. துப்பியிருக்கலாம். துப்பேல்லை. அவ்வளவுதான். நாளைக்குத் திரும்பவும் சைவம்."

கதிரையில் இருந்துவிட்டார்.

நான் ரோல்ஸ் சுருட்டத் தொடங்கிய நாளிலிருந்து கேட்ட பாராட்டு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அந்தத் 'துப்பேல்லை'யை மறு தட்டில் வைத்தால் எது கீழே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த நிமிடத்தை அனுபவிக்க விடவில்லை. முன்வரிசையில் ராஜியும் மாலாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப எங்கட கறி இறங்கேல்லையாம்" என்றாள் ராஜி, மண்டபத்துக்கே கேட்க. அடுத்த இரண்டு கிழமை மாமாவுக்கும் எனக்கும் வீட்டில் பாண் ரொட்டியும் பருப்பும்தான்.

இது நடந்து மூன்று வருடம். பிக்கரிங்கில் பெண்பிள்ளையின் சாமத்தியவீடு என்றாலும் சரி, ரெக்ஸ்டேலில் வீடு குடிபுகுதல் என்றாலும் சரி, நான் உள்ளே போனதும் யாராவது ஒருவர் ரோல்ஸைத் தூக்கிப் பிடிப்பார். "அண்ணை, இது எந்த நாட்டு இடது?" அறிமுகமில்லாதவர்களும் கேட்கிறார்கள். கடை முதலாளி இப்போது மரக்கறி ரோல்ஸுக்குப் பல்லுக்குச்சி குத்தச் சொல்லியிருக்கிறார். மாமா காரில் ஏறினால் இன்னும் கண்ணை மூடுகிறார், ஆனால் சிவப்பு விளக்கில் நின்றால் சிலவேளை ஒரு கண்ணைத் திறந்து, "உந்த ஹங்கேரிக்காரனை எந்தத் தட்டில வைக்கிறது?" என்று கேட்கிறார்.

போன மாதம் சுகந்தன் டென்மார்க்கிலிருந்து போன் எடுத்தார். அங்கேயும் ஒரு கலியாண வீட்டில் யாரோ இந்தக் கதையைச் சொன்னார்களாம்.

"பதினாலு நிமிசம் பேசினனான் அண்ணை" என்றார். "அங்கை வாறதுக்கு முதலே ஒரு மாதம் இருந்து எழுதினது. அதில ஒரு சொல்லு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. எங்கை போனாலும் உங்கட ரோல்ஸ் கதைதான். எனக்கு எரிச்சலா, விசராக் கிடக்கு."

அவர் குரலை நான் உற்றுக் கேட்டேன். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். பத்து நாள் என் வீட்டில், என் கதிரை இல்லாமல், நான் மனதுக்குள் கதைத்துக்கொண்டிருந்த அதே குரல்.

கட்டுரை முடிகிறது. நிபந்தனை மீதி இருக்கிறது. என் சகலன் உயரமானவர். கெட்டிக்காரர். ரோல்ஸ் பிரிக்கத் தெரிந்தவர். நாலாவது, பொறாமைக்காரர்.

அது நல்ல வார்த்தை இல்லை, மாற்றுங்கோ என்று ராஜி பக்கத்தில் நின்று சொல்லுகிறாள். எனக்கு அதைவிட நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை.